டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் முதல் வாரம்: புது டிரைவர்களுக்கு

தெரிந்த ஓனரிடம் கிளீனராகப் போய், இரண்டு வருடம் தார்ப்பாய் கட்டி, அவர் அசந்து தூங்கும் நேரத்தில் ஸ்டியரிங் பிடித்து அப்படியே டிரைவர் ஆவது ஒரு வழி. அது இன்னும் இருக்கிறது. ஆனால் மதுரையில் கப்பலூர், ரிங் ரோடு, ஒத்தக்கடை பக்கம் சொந்தமாக யார்டும் ஐம்பது அறுபது வண்டியும் வைத்திருக்கிற கம்பெனிக்குள் அப்படி நுழைய முடியாது. சேர்ந்ததும் மூன்று நாளோ ஒரு வாரமோ உட்கார வைத்து, பேப்பர் பார்த்து, மெடிக்கல் எடுத்து, யார்டில் ஓட்டச் சொல்லி, வகுப்பு நடத்தி, மூத்த டிரைவரோடு ஒரு டிரிப் அனுப்பி, அதற்குப் பிறகுதான் சாவி கைக்கு வரும்.

இந்த ஒரு வாரத்தில் கழிந்து போகிறவர்களைப் பார்த்தால், வண்டி ஓட்டத் தெரியாமல் போனவர்கள் குறைவுதான். பேப்பரில் பெயர் ஒத்து வராதது, முந்தின ராத்திரி குடித்தது, யார்டில் வேகம் காட்டியது, இந்த மூன்றில் முக்கால்வாசிப் பேர் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் தேறிச் சேர்ந்துவிட்டு, ஓட்டத்துக்குத் தருகிற படியான பேட்டாவின் கணக்கைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, இரண்டாம் மாதம் சண்டை போட்டு வெளியே வருகிறார்கள். எதற்கு எவ்வளவு தயாராக வேண்டும் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

போவதற்கு முன்னால் பேப்பர்

லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட் வண்டிக்கான தேதியும் சொந்த வண்டிக்கான தேதியும் தனித்தனியாக இருக்கும். பலர் சொந்த வண்டித் தேதியைப் பார்த்துவிட்டு 'இன்னும் பத்து வருஷம் இருக்கே' என்று நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து வருடம்தான். முடிகிற தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால், ஆறு மாதத்துக்குள் முடிகிற மாதிரி இருந்தால் புதுப்பித்துவிட்டுப் போவதே நல்லது. அதற்கு டாக்டர் தருகிற ஃபார்ம் 1ஏ சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனியிலும் கேட்பார்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம். இதைக் கேட்டுவிட்டு 'எனக்கு ஹெவி லைசென்ஸ் தேவையில்லை' என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வண்டிக்குச் சரி. பெரிய ஆறு சக்கர லாரியில் ஏறவேண்டும் என்றால்கூட அது உதவாது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18.5 டன் வரை போகும்.

கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் ஓட்டப் போகிறவர்களுக்கு அபாயகரச் சரக்குப் பயிற்சி தனி. மூன்று நாள் வகுப்பு முடித்து லைசென்ஸிலும் அதை ஏற்றியிருக்க வேண்டும், அது இல்லாமல் கேட்டைத் தாண்டிக்கூட உள்ளே விடமாட்டார்கள்.

அப்புறம் பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, லைசென்ஸில் ஒரு எழுத்து, பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயரோடு சேர்த்து வேறொன்று. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதே ஆபீஸுக்கு ஆபீஸ் மாறுகிறது. பிஎஃப் கணக்கு திறக்கும்போது இதில்தான் மாட்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் பிஎஃப்புக்கான யூஏஎன் எண் இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக ஒன்று போடச் சொல்லாதீர்கள். ஆதாரோடு இணைத்த மொபைல் நம்பர் இப்போது உங்கள் கையில் இருக்கிற சிம்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஓடிபி மச்சான் வீட்டுப் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால் ஒரு நாள் வீண்.

போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் பல இடங்களில் கேட்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு கண்டெய்னர் ஓட்டும் கம்பெனி என்றால் கண்டிப்பாகத் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள், துறைமுகத்துக்குள் போகத் தனி நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். போலீஸ் சான்றிதழுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். 'லைசென்ஸ் ஒரிஜினல் ஆபீஸில் இருக்கட்டும்' என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், வெற்றுப் பேப்பரிலோ வெற்று செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல கம்பெனி கேட்காது. கேட்கிற கம்பெனியில் பின்னால் என்ன நடக்கும் என்று யூகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

மெடிக்கல்

கண், நிறக்குருடு, பிரஷர், சுகர், சில இடத்தில் காது. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு போங்கள். 'கண்ணாடி போட்டால் எடுக்க மாட்டார்கள்' என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி அதை வீட்டில் வைத்துவிட்டு வந்து, கடைசி இரண்டு வரியைப் படிக்க முடியாமல் திரும்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சொல்லிவிடுங்கள். மறைத்துச் சேர்ந்து, நேரத்துக்குச் சாப்பிடாமல் ராத்திரி விராலிமலை தாண்டும்போது சுகர் இறங்கிக் கை நடுங்கினால் அப்போது சொல்லிப் பிரயோஜனமில்லை.

குடி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் கேட்டிலேயே ஊதச் சொல்கிற கம்பெனிகள் உண்டு. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம், கம்பெனி கணக்கில் அது பூஜ்யம். ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்து முடித்தவருக்குக் காலை ஏழு மணிக்கும் மெஷினில் காட்டலாம். குளித்து, பல் தேய்த்து, பாக்குப் போட்டாலும் காட்டும், ஏனென்றால் வருவது வாயிலிருந்து அல்ல, ரத்தத்திலிருந்து. அந்த வாரம் முழுக்கத் தொடாதீர்கள்.

யார்டில் ஓட்டிக் காட்டுவது

நேராக ஏறிச் சாவியைத் திருப்புகிறவரைப் பார்த்ததும் டெஸ்ட் எடுப்பவர் மனதில் பாதி மார்க் போய்விடும். முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றுங்கள். டயரைத் தட்டிப் பாருங்கள், இரட்டை டயருக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், வீல் நட்டுப் பக்கத்தில் துரு ஒழுகிய கோடு இருந்தால் அது லூஸ் என்று அர்த்தம், கையால் காட்டிச் சொல்லுங்கள். ஆயில், கூலண்ட், லைட், பிரேக் லைட், பின்னால் ரிஃப்ளெக்டர். பிஎஸ்6 என்கிற புதுப் புகை விதிப்படி வந்த வண்டியில் டீசல் மூடி ஒன்று, ஆட்ப்ளூ மூடி ஒன்று. ஆட்ப்ளூ மூடி நீல நிறம். இது எதற்கு என்று கேட்பார்கள்: புகையைச் சுத்தம் செய்ய. தீர்ந்தால் வண்டி இழுவை குறைந்து திணறும், டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, உடனே ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்டார்ட் செய்தபிறகு ஏர் ஏறும் வரை காத்திருங்கள். இங்கேதான் அவசரம் தெரியும். மீட்டர் முள் மெதுவாக மேலே போகும், எச்சரிக்கைச் சத்தம் நிற்கும், முழுசாக ஏறினதும் புஸ்ஸென்று வால்வு காற்றை வெளியே தள்ளும். அந்தச் சத்தம் வரட்டும். பிறகு இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை மறுபடி ஆனில் வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். வேகமாக இறங்கினால் எங்கோ லீக். யாரும் சொல்லாமலேயே இதைச் செய்கிற புது டிரைவரை டெஸ்ட் எடுப்பவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

டிரெய்லர் என்றால் இன்னும் கொஞ்சம். டிரெய்லரை முன் வண்டியோடு கோர்க்கும் கிங் பின் பூட்டிக்கொண்டதா என்பதை இறங்கி டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள், பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி லேசாக முன்னால் இழுத்துப் பாருங்கள். முட்டுக்கால் முழுசாக மேலே ஏறியிருக்கிறதா, ஏர் ஹோஸ் தரையில் உரசாமல் இருக்கிறதா. கண்டெய்னர் ஏற்றியிருந்தால் மூலையில் இருக்கிற ட்விஸ்ட் லாக் ஒவ்வொன்றையும் கை வைத்துப் பாருங்கள். மூன்று பூட்டி ஒன்று பூட்டாமல் இருந்தாலும் விரகனூர் ரவுண்டானாவில் திரும்பும்போது கண்டெய்னர் பக்கவாட்டில் தூக்கலாம்.

ரிவர்ஸில் டிரெய்லர் பின்பக்கம் வலப்புறம் போகவேண்டும் என்றால் ஸ்டியரிங் இடப்புறம் போகவேண்டும். தெரிந்த விஷயம்தான், நாலு பேர் நின்று பார்க்கும்போது மறந்துபோகும். தப்பாகப் போனால் இழுத்து நேராக்கி மறுபடி எடுங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். இரண்டு முறை இறங்கிப் பார்த்தால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். ஒரே வெட்டில் உள்ளே விட்டுக் காட்டுகிறேன் என்று சுவரில் உரசினால் அன்றே பஸ் ஏறலாம்.

வகுப்பு

தூக்கம் வரும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபேன் காற்றில் வீடியோ பார்த்தால் யாருக்குத்தான் வராது. ஆனாலும் மூன்று விஷயத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒன்று, இ-வே பில், அதாவது சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி சீட்டு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் வேண்டும், வண்டி நம்பர் அதில் சரியாக இருக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. மதுரையிலிருந்து பெங்களூருக்கு எப்படியும் நானூறு கிலோமீட்டருக்கு மேல், அதனால் மூன்று நாள் கிடைக்கும். நடுவில் வண்டி நின்றுபோய் வேறு வண்டிக்குச் சரக்கு மாற்றினால் புது நம்பரைப் போடச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும், அதனால் பிரேக்டவுன் ஆனவுடனே ஆபீஸுக்குப் போன் அடியுங்கள், மெக்கானிக் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உட்காராதீர்கள்.

இரண்டு, எடை. அதிக லோடுக்குச் சட்டத்தில் இருபதாயிரம் ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம், மேலே ஏற்றினதை இறக்கவும் வேண்டும். லோடு ஏறினதும் எடை மேடைச் சீட்டை வாங்கிப் படியுங்கள். தாண்டியிருந்தால் கேட்டை விட்டு வண்டியை எடுக்காமல் சூப்பர்வைசருக்குப் போட்டோ அனுப்புங்கள், வாய்ப் பேச்சில் 'பரவால்ல எடுண்ணே' என்பதை வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டில் எதுவும் செய்ய முடியாது. கண்டெய்னரில் சீல் நம்பரும் இதே மாதிரிதான், பேப்பரில் இருக்கிற நம்பரும் பூட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்த்துப் போட்டோ எடுத்த பிறகே கிளம்ப வேண்டும்.

மூன்று, இறக்கத்தில் நியூட்ரல். பெங்களூரிலிருந்து லோடோடு வரும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் வரும். அங்கே நடந்த விபத்துகளை எல்லா கம்பெனியிலும் வீடியோவாகக் காட்டுவார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் பழைய வண்டி ஓட்டியவர்களிடமிருந்து தொற்றிக்கொள்கிறது. இப்போது வருகிற இன்ஜினில் கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரியும். அப்படி மிச்சம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடாகி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள், இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால் கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் குறைக்கப் பார்த்தால் விழாது.

வேகத்துக்கு ஜிபிஎஸ் இருக்கிறது, 80-ஐத் தாண்டினால் அங்கே ஆபீஸில் மணி அடிக்கும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நேரத்தைப் பற்றிப் பேச இருக்கிறது. 2025 நவம்பர் வரை இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று எழுதியிருந்தார்கள். நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் கேள்வி இருக்கிறதா என்று கேட்கும்போது இதைக் கேளுங்கள்: 'ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வந்தால் பங்க்கில் நிறுத்தலாமா, லேட்டுக்குப் பிடித்தம் உண்டா?' பதில் சொல்கிற விதத்திலேயே கம்பெனியைத் தெரிந்துகொள்ளலாம்.

பணம்

கூச்சப்படாமல் கேட்கவேண்டிய இடம் இதுதான். கையெழுத்துப் போடுகிற நாளில் ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேட்டா கிலோமீட்டருக்கா, டிரிப்புக்கா? காலி வண்டியாகத் திரும்பும் கிலோமீட்டர் கணக்கில் வருமா? லோடு இறக்காமல் நிறுத்தி வைத்தால் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு ஹால்டிங் காசு? பஞ்சர், லோடுமேன் கேட்கிற காசு, தார்ப்பாய் கூலி, ஃபைன், இவை யார் தலையில்? சரக்குக் குறைந்தால் பிடித்தம் எப்படி?

டீசல்தான் பெரிய தலைவலி. ஒரு வண்டிக்கு நாலு கிலோமீட்டர் மைலேஜ் என்று கம்பெனி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரை - சென்னை போய்வர ஏறக்குறைய 920 கிலோமீட்டர், அதற்கு 230 லிட்டர். 245 லிட்டர் போட்டிருந்தால் பதினைந்து லிட்டர் காசு உங்கள் பேட்டாவில் கழியும். முழு லோடுக்கும் காலிக்கும் ஒரே மைலேஜா? சென்னையில் ஐந்து மணி நேரம் வரிசையில் இன்ஜின் ஓடியதற்கு என்ன கணக்கு? 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். சித்திரை வெயிலில் அது வரம்தான், ஆனால் ஏசி போட்டுத் தூங்கினால் எரிகிற டீசலை மைலேஜ் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். வண்டியைப் பொறுப்பில் எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் டேங்க் நிரப்பி, கிலோமீட்டர் மீட்டரோடு போட்டோ எடுங்கள்.

பிஎஃப் பிடிக்கிறார்களா, இஎஸ்ஐ உண்டா என்பதையும் கேளுங்கள். அதற்கு மேல் பேங்கில் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டுக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். இரண்டு டீ காசு, யோசிக்கவே வேண்டாம்.

மூத்த டிரைவரோடு முதல் டிரிப்

அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்கள் அதிர்ஷ்டம். பேசிக்கொண்டே வருகிறவரும் உண்டு, திண்டுக்கல் வரை வாய் திறக்காதவரும் உண்டு. ஓவர்டேக் எடுக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், டீக்கு நிறுத்தும்போது கேளுங்கள். எந்த பங்க்கில் ராத்திரி நிறுத்தினால் டீசல் திருட்டு இருக்காது, எந்த குடோனில் காலை ஆறு மணிக்கு முன்னால் டோக்கன் வாங்கணும், கீழமாசி வீதிக் கடைக்குச் சரக்கு என்றால் ராத்திரி எத்தனை மணிக்கு உள்ளே போய் எந்தப் பக்கம் வெளியே வரணும், இதெல்லாம் எந்த வகுப்பிலும் வராது. சித்திரைத் திருவிழா சமயத்தில் ஊருக்குள் போகிற பாதையே மாறும், தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலை ஓரமெல்லாம் பழனிக்கு நடக்கிறவர்கள், அதுவும் இருட்டில். அந்த நாட்களில் அவர் எவ்வளவு வேகத்தில் போகிறார் என்று மீட்டரைப் பாருங்கள்.

அவர் தப்பாக ஏதாவது செய்தால், போன் பேசிக்கொண்டே ஓட்டுவது மாதிரி, அதை ஆபீஸில் போட்டுக் கொடுக்கவும் வேண்டாம், நீங்கள் பழகிக்கொள்ளவும் வேண்டாம். கேபினில் கேமரா இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

பையில் இவை இருக்கட்டும்: டார்ச், கையுறை, பழைய பெட்ஷீட், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், பவர் பேங்க், மாத்திரை எடுப்பவர் ஒரு வாரத்துக்கு மாத்திரை, பேப்பரெல்லாம் நனையாமல் வைக்க ஜிப் உள்ள ஒரு ஃபைல். பேனா இரண்டு. ஒன்றை எப்படியும் குடோன் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார்.

சரக்கு இறக்கினதும் வாங்குகிறவரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி, அங்கேயே நின்று போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுங்கள். உடைசல், குறைவு என்று அவர்கள் ஏதாவது எழுதினால் எழுதினதைப் படித்துப் பாருங்கள், 'சும்மா ஃபார்மாலிட்டி' என்பார்கள், பிடித்தம் வருவது அந்த ஒரு வரியிலிருந்துதான். திரும்பி யார்டுக்கு வந்ததும் டிரிப் ஷீட்டை ஆபீஸில் கொடுப்பதற்கு முன்னால் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கணக்கர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பாக்கி இருந்தால் அடுத்த லோடுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போவதுதான் சரி, மூன்று மணிக்கு மேல் போனால் 'நாளைக்கு வாப்பா' என்பார், நாளைக்கு நீங்கள் கிருஷ்ணகிரியில் இருப்பீர்கள்.